செயிண்ட் ஜான்ஸ் தீவு: அடைப்பிடம் உல்லாசத் தீவான கதை

தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குத் தெற்கே, சிங்கப்பூர்க் கரையிலிருந்து சுமார் ஆறரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செயிண்ட் ஜான்ஸ் தீவு. மலாய்ப் பெயர் புலாவ் சகிஜாங் பெண்டேரா. பரப்பளவு 40 ஹெக்டேர் அளவுதான். மரீனா சவுத் படகுத்துறையில் படகேறி வருபவர்கள் இங்கே கடலில் குளிக்கிறார்கள், தூண்டில் போடுகிறார்கள், மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறார்கள். நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் தீவில் கட்டடக் கூட்டம் இல்லை. ஊருக்குள் விடக்கூடாது என்று அரசு கருதியவர்களை நூறாண்டு காலம் இங்கேதான் வைத்திருந்தார்கள்.

1819 ஜனவரி 28 அன்று பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸின் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சியது இத்தீவை ஒட்டித்தான். அதன்பின் அரை நூற்றாண்டுக்குத் தீவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலைமையை மாற்றியது நீராவிக் கப்பல். தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி 1864இல் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் பெருகின. ஒரே கப்பலில் ஆயிரம் பேர் நெருக்கியடித்து வந்தார்கள். அவர்களோடு நோயும் வந்தது. 1873இல் காலரா 850 பேருக்கு மேல் தொற்றி, 350க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதற்குப் பிறகுதான் அரசு விழித்தது. செயிண்ட் ஜான்ஸ் தீவில் மருத்துவமனை, அருகிலுள்ள குசு தீவில் இடுகாடு என்று திட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரியைத் திட்டமிடும்போதே இடுகாட்டுக்கும் இடம் பார்த்துவிட்டார்கள் என்பதே அன்றைய மருத்துவத்தின் நிலையைச் சொல்லிவிடும். 1874 நவம்பரில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் முகாம் திறந்த கையோடு, சீனாவின் சுவாத்தோவிலிருந்து காலராவோடு வந்த ‘மில்டன்’ கப்பலின் 1,300 பயணிகள் இங்கே இறக்கப்பட்டார்கள்.

பின்னர் பெரிபெரி நோயாளிகளையும் தொழுநோயாளிகளையும் இங்கே கொண்டுவந்தார்கள். மக்காவிலிருந்து திரும்பும் ஹஜ் பயணிகளும் இங்கே சோதிக்கப்பட்டார்கள். 1930களில் ஒரே சமயத்தில் 6,000 பேர் தங்கும் அளவுக்கு முகாம் வளர்ந்திருந்தது.

தமிழர்களுக்கு இத்தீவு சிங்கப்பூரின் வாசற்படியாக இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிய கப்பல்கள் முதலில் பினாங்கைத் தொடும். அங்கே இறங்குவோருக்கு ஜெரெஜாக் தீவில் இதேபோன்ற முகாம் இருந்தது. சிங்கப்பூர் வரை வந்தவர்களுக்கு செயிண்ட் ஜான்ஸ். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் அந்த வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச்செல்ல அதற்கு அனுமதி இருந்தது. பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்.

நோய்ச் சந்தேகம் உள்ள கப்பல் மஞ்சள் கொடியோடு நடுக்கடலில் நிற்கும். சுகாதார அதிகாரி ஏறிப் பார்ப்பார். அறை எடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே கரையேறிவிடுவார்கள். தளத்துப் பயணிகளோ மூட்டை முடிச்சுகளோடு படகில் தீவுக்குப் போவார்கள். அங்கே துணிமணிகள் நீராவியில் வேகும், ஆட்கள் மருந்துத் தண்ணீரில் குளிப்பார்கள், கையில் அம்மைக்குத்து விழும். பிறகு காத்திருப்பு. 1926ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார உடன்படிக்கை காலராவுக்கு 5 நாளும் பெரியம்மைக்கு 14 நாளும் உச்சவரம்பாக வைத்தது. எதிரே தஞ்சோங் பகாரில் அவர்களுடைய ஊர்க்காரர்கள் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர் அந்த வேலைக்குப் போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகலாம். கிருமி ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை; டிக்கெட்டைப் பார்த்தது நிர்வாகம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் நோய்கள் குறைந்தன. காவலும் கட்டடமும் தயாராக இருந்ததால் தீவுக்கு வேறு வேலை வந்தது. 1948இல் மலாயா அவசரநிலை பிறந்தபின் அரசியல் கைதிகள் இங்கே அடைக்கப்பட்டார்கள். 1951இல் பிடிபட்ட பத்திரிகையாளர் சமாத் இஸ்மாயிலும் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த தேவன் நாயரும் அவர்களில் இருவர். தேவன் நாயர் 1981இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

1955இல் அபினுக்கு அடிமையானவர்களுக்கான மறுவாழ்வு மையமும் இங்கே தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனி அரசின் வருவாயில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்து வந்தது. அதே அரசு, போருக்குப் பின் அபினைத் தடைசெய்துவிட்டு, பழக்கத்தை விட முடியாதவர்களைத் தீவுக்கு அனுப்பிக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தது.

மறுவாழ்வு மையம் 1975இல் மூடப்பட்டது. பிறகு தீவு உல்லாச இடமானது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு தீவில் இந்த மாற்றத்துக்கு ஒத்திகை நடந்திருந்தது: ராணுவத் தளமாக இருந்த புலாவ் பிளாக்காங் மாத்தி, 1970இல் செந்தோசா என்று பெயர் மாறி, சுற்றுலாவுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை நிர்வகித்த கழகத்திடமே செயிண்ட் ஜான்ஸ் தீவும் வந்து சேர்ந்தது. ஆனால் செந்தோசாவுக்குக் கொட்டிய பணம் இங்கே வரவில்லை. நீச்சல் குளங்களாகக் கடலோரத்தை வளைத்தார்கள், நடைபாதை போட்டார்கள், பழைய குடியிருப்புகளை விடுமுறை விடுதிகளாக்கினார்கள். பள்ளி முகாம்கள் வந்தன. கைதிகளும் நோயாளிகளும் படுத்த நீண்ட கொட்டகைகள் அப்படியே நின்றன.

இந்த நூற்றாண்டில் கடல் ஆய்வுக்கூடமும் மீன்வளர்ப்பு ஆய்வு மையமும் தீவில் அமைந்தன. பக்கத்து லாசரஸ் தீவுக்குக் கடல்மேல் பாதை இருப்பதால், வெண்மணல் தேடி வருபவர்கள் இங்கே இறங்கி அங்கே நடந்துபோகிறார்கள். 2017இல் கட்டட இடிபாடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கண்டறியப்பட்டு, தீவின் ஒரு பகுதி மூடப்பட்டது. லாசரஸின் தென்பகுதியையும் குசு தீவின் பவளப்பாறைகளையும் சேர்த்து நாட்டின் இரண்டாவது கடல் பூங்காவாக்கும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது.