சிறையிற் பாடிய பாட்டும் வடசென்னைக் கானாவும்

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுப்போர் சொற்களை எழுதிக்கொள்கின்றனர், கேட்டோரை எழுதுவதில்லை. கேட்டோரை மறந்த ஆராய்ச்சி அவர்மேற் பழி சுமத்தவும் கூடும் என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்றுண்டு. வடசென்னைக் கானாவை ஆராயப் புகுவோர்க்கு அது பெரிதும் பயன்படுமாதலின் அதனை முதற்கண் கூறுவோம்.

1968 சனவரி 13-ஆம் நாள், கலிபோர்னியாவின் போல்சம் சிறையில், அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ் கைதிகள்முன் இருமுறை பாடினார். அதனின்று உருவான இசைத்தட்டு உலகெங்கும் பரவிற்று. ஒருவன் சாவதைக் காணவே அவனைச் சுட்டதாகப் பாட்டினுள் வரும் கைதி கூறுமிடத்து, கூட்டம் ஆரவாரிப்பது அத்தட்டிற் கேட்கும். கேட்டோர் பலர் அதனைக் கைதிகளின் உள்ளக்கிடக்கை என்றே கொண்டனர். ஆனால் அவ்வாரவாரம் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டப்பெற்றது! காவலர் கண்முன் அமர்ந்திருந்தோர் அவ்விடத்து ஆரவாரிக்கவில்லை.

அவர்தம் உள்ளத்தை அறிய வேண்டுவோர் அன்று இறுதியிற் பாடப்பெற்ற பாட்டை நோக்குதல் வேண்டும். அச்சிறையிலிருந்த கிளென் செர்லி என்னும் கைதி, ஆங்குள்ள கற்கோயிலைப் பொருளாகக்கொண்டு அதனை இயற்றினார். அதன் ஒலிநாடா முதல்நாள்தான் கேஷின் கைக்கு வந்தது. இரவோடிரவாகக் கற்று மறுநாள் அவர் பாடியபோது, முன்வரிசையில் அமர்ந்து செர்லி கேட்டார். பாடப்போவதை அவர் முன்னர் அறியார். கொலையன்று, கோயிலே அவர் பாடுபொருள் என்பது கருதத்தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1856-இல் இராயபுரத்தினின்று ஆர்க்காட்டுப் பக்கம் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பின்னர்த் துறைமுகமும் எண்ணூர் வரையிலான ஆலைகளும் எழுந்தன. பிழைப்புத் தேடி வந்து குடியேறிய உழைப்பாளர் சேரிகளில் கானா வளர்ந்தது. டோலக்கு இல்லையேல் தீப்பெட்டியும் பானையும் மேசைப் பலகையுமே அதற்குத் தாளக்கருவி. ஒன்றுமில்லாதவனும் பாடக்கூடிய பாட்டாதலின், சிறைக்கு இதனினும் பொருந்துவது பிறிதில்லை. சிறைவாழ்வு அதன் பாடுபொருள்களுள் ஒன்றாக நெடுங்காலமாக உள்ளது. இதனைக் கண்டே ‘போக்கிரிப் பாட்டு’ என அதனை ஒதுக்கினோர் பலர். போல்சத்து ஆரவாரத்தை ஒட்டியவர் செயலுக்கும் இவர் செயலுக்கும் வேற்றுமை யாதோ?

கானாவின் உயிர்நிலை இழவுவீட்டிலுள்ளது. பிணத்தருகே விடியுமளவும் பாடப்பெறும் மரண கானா ஒப்பாரியின் உடன்பிறப்பாகும். இறந்தாரை விளித்து, அவர் உறவும் நட்பும் கூறி, இனிக் காணவியலாமையைச் சொல்லி அழவைப்பது அதன் இயல்பு. அன்னையின் ஈமத்தில் பட்டினத்தார் பாடியனவாக வழங்கும் பாடல்களை நினைக. அவர் அடக்கமான இடமாகப் போற்றப்படும் திருவொற்றியூர் இக்கானா நிலத்திலேயே உளது. உயிரோடிருந்தும் தாயைக் காணவியலாத சிறையாளனுக்கு இவ்விளி நேரே தைக்கும். சிறைக் கானாவின் ஆற்றல் குற்றத்தைச் சொல்வதினின்று பிறப்பதன்று. பிரிவினின்று பிறப்பது என்பதே எம் துணிபு. பாலைத்திணை பயின்றார்க்கு இது விளங்கும்.

சென்னை நடுவண் சிறை 2006-இல் புழலுக்கு மாறியது. பழைய கட்டடம் 2009-இல் இடிக்கப்பெற்றது. அதனுள் பாடியோரும் கேட்டோரும் இன்றும் நம்மிடை வாழ்கின்றனர். அவர்பாற் செல்லும் மாணவர், பாட்டின் அடிகளோடு, எந்த அடியிற் கூட்டம் வாயடைத்தது என்பதையும் கேட்டெழுதிக் கொள்வாராக.