நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் விளையாட்டு

1937ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி இரவு, தென் வேல்ஸின் றொண்டாப் பள்ளத்தாக்கு உறங்கவில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூயோர்க் நகரிலே, உலகக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை எதிர்த்து மேடையேறியிருந்தார் ரொமி பார். ரொனிபாண்டி என்னும் சுரங்க ஊரைச் சேர்ந்த அவர், சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். வானொலி வர்ணனை வேல்ஸுக்கு எட்டியபோது அங்கே விடிவதற்குச் சில மணி நேரமே இருந்தது. சனங்கள் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து நின்று கேட்டார்கள். 15 சுற்றுகள் முடிந்தன. பார் வீழ்த்தப்படவில்லை, புள்ளிகளால் மட்டுமே தோற்றார். ஆயினும் அந்த மக்கள் அவரை வென்றவராகவே கொண்டாடினர்.

நேயர்களே, ஒரு சண்டையைக் கேட்பதற்காக ஒரு பிரதேசமே ஏன் விழித்திருந்தது? அதற்கு விடை காண, விளையாட்டின் வரலாற்றோடு உழைப்பின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தென் வேல்ஸ் மலைநாட்டில், விரித்த கைவிரல்களின் இடைவெளிகளைப் போல ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் பல உள்ளன. ஒரு காலத்தில் அவை ஆட்டு மந்தைகளின் நிலம். அக்காலத்து ஓட்டவீரன் கூற்றோ நித் பிரான். 1700இல் பிறந்த இவன் 1737இல் 12 மைல் ஓட்டப் போட்டியொன்றை 53 நிமிடங்களில் வென்றானாம். மகிழ்ச்சியில் ஒருவர் முதுகில் தட்டிய தட்டிலே உயிர் நீத்தானாம். அவனது கல்லறை இன்றும் மலைமேல் தேவாலயத்தில் உள்ளது. ஆனால் 1804இல் மேர்தர் நகரின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி இயந்திரம் தண்டவாளத்தில் ஓடியபோது, இம்மலைகளின் தலைவிதி மாறத் தொடங்கிவிட்டது. இரும்பைத் தொடர்ந்து நிலக்கரி வந்தது. 1913இல் தென் வேல்ஸ் சுரங்கங்கள் ஏறக்குறைய 5 கோடியே 70 இலட்சம் தொன் நிலக்கரியை வெளிக்கொணர்ந்தன. உலகக் கடல்களிலே கப்பல்களை ஓட்டிய நெருப்பு இங்கேதான் தோண்டப்பட்டது.

விளையாடுவதற்கு மூன்று தேவை: நேரம், நிலம், பணம். இம்மூன்றையும் சுரங்கத் தொழிலாளி போராடியே பெறவேண்டியிருந்தது.

முதலில் நேரம். மாபன் என்று மக்கள் அன்போடு அழைத்த வில்லியம் ஆபிரகாம், றொண்டாவின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தொழிலாளர் தலைவராகவும் விளங்கியவர். மாதத்தின் முதலாவது திங்கட்கிழமை சுரங்கத் தொழிலாளருக்கு விடுமுறையாயிற்று. அதை "மாபன் நாள்" என்றே அழைத்தனர். 1898ஆம் ஆண்டின் நீண்ட கதவடைப்பில் தொழிலாளர் தோற்றபோது அந்த விடுமுறையும் பறிபோயிற்று. பத்து ஆண்டுகளின் பின், 1908இல், நிலத்தடி வேலையை எட்டு மணித்தியாலமாக வரையறுக்கும் சட்டம் வந்தது.

அடுத்தது நிலம். பள்ளத்தாக்கின் அடிப்பகுதியிலே ஆறும் புகையிரதப் பாதையும் சுரங்க வாயிலும் நெருங்கிக் கிடந்தன. சரிவெங்கும் வரிசை வீடுகள். அவற்றுக்கு மேலே கழிவுக் குன்றுகள். சமதரை என்பது அரும்பொருள். தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து பென்னிகளைக் கொடுத்து நூலகமும் மண்டபமும் எழுப்பினர். 1920ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளிடமும் பங்கு கேட்டது. தோண்டும் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி நலநிதிக்குச் செல்லவேண்டும் என்றாயிற்று. அந்த நிதியாலும் மக்களின் நன்கொடையாலும் பொன்ரிபிரித் நகரில் 1923இல் பூங்காவொன்று திறக்கப்பட்டது. 1927இல் அதற்குள்ளே திறந்தவெளி நீச்சல் தடாகம் அமைந்தது. நாள் முழுவதும் கரித்தூசியில் மூழ்கியவனின் பிள்ளைகள் தெளிந்த நீரில் மூழ்கி எழுந்தனர். 1951இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த ஜெனி ஜேம்ஸ் இந்நகரத்துப் பெண்ணே.

ஆடுகளமோ றக்பிக்கு உரியதாயிற்று. தோள்வலி மிக்க சுரங்கத் தொழிலாளர் முன்வரிசை வீரராயினர். குத்துச்சண்டையில் 50 கிலோவையும் எட்டாத உடலோடு உலகப் பட்டம் வென்ற ஜிம்மி வைல்ட், றொண்டாவின் ரைலர்ஸ்ரவுண் சுரங்கத்தில் உழைத்தவர். ஒடுங்கிய நிலக்கரிப் படுகையில் வளைந்து வேலைசெய்யத் தெரிந்த உடல் அது. மேடையில் நின்றவனைப் பார்த்தவர்கள் தங்களையே பார்த்தார்கள். ரொமி பாருக்காக விழித்திருந்ததன் காரணமும் இதுவே.

ஆனால் விளையாட்டு வயிற்றை நிரப்புவதில்லை. 1930களின் வேலையின்மையில் திறமைமிக்க றக்பி வீரர் பலர், பணம் கொடுத்து ஆடவைத்த வட இங்கிலாந்துக் கழகங்களை நாடிச் சென்றனர். ஊர் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தது.

அதனிலும் கொடியது 1966 ஒக்ரோபர் 21. அபர்வான் கிராமத்துக்கு மேலிருந்த கழிவுக் குன்று சரிந்து பாடசாலையை மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் சிறுவர். அதன் பின்னரே 1969இல் கழிவுக் குன்றுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று நடைபயணிகள் வியந்து நோக்கும் பசுஞ்சரிவுகள் பல, அக்குழந்தைகளின் மரணத்துக்குப் பின்னரே சீர்செய்யப்பட்டவை. அபர்டேர் நகரருகே, சுரங்கங்கள் இருந்த நிலத்திலே டேர் பள்ளத்தாக்குப் பூங்கா 1973இல் திறக்கப்பட்டது. மலைக்குச் செல்வதென்றால் மலைக்குள் இறங்குவதென்றிருந்த நிலை மாறத் தொடங்கியது.

1984-85ஆம் ஆண்டுகளின் பெருவேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. றொண்டாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990இல் மூடியது. ரவர் சுரங்கத்தின் கதை மட்டும் வேறு. அது 1994இல் மூடப்பட்டபோது, 239 தொழிலாளர் தம் வேலைநீக்க இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண் போட்டுச் சுரங்கத்தையே விலைக்கு வாங்கினர். 1995 முதல் 2008 வரை அவர்களே அதை நடத்தினர். 2021இல் அதே இடத்தில் கம்பியில் தொங்கி மலைச்சரிவில் பறந்துசெல்லும் பொழுதுபோக்கு நிலையம் திறக்கப்பட்டது. மேர்தருக்கு மேலுள்ள காட்டிலே 2013இல் மலைச் சைக்கிள் பூங்காவும் தோன்றியிருந்தது.

இவற்றை வெறுத்தொதுக்குவது நியாயமாகாது. இளைஞர் சிலருக்கு வேலை கிடைத்தது. புண்பட்ட நிலத்தில் மரம் நிற்கிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. நலநிதிப் பூங்காவில் உழைத்தவனே விளையாடினான். புதிய நிலையங்களிலோ வெளியூரார் கட்டணம் செலுத்திப் பறக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்குச் சோறு போட்ட சுரங்கத்தின் இடத்தை ஒரு கம்பி நிரப்பிவிடுமா?

மேலிருந்து திட்டமிடப்பட்ட விளையாட்டுக்கு வேர் பிடிப்பதில்லை என்பதற்கும் சான்றுண்டு. 2003இல் வேல்ஸ் றக்பி பிராந்திய அணிகளாக மாற்றப்பட்டது. பொன்ரிபிரித்தையும் பிரிட்ஜெண்டையும் இணைத்து அமைத்த அணி ஒரே பருவம் ஆடி 2004இல் கலைக்கப்பட்டது.

இதற்கு எதிரான காட்சியை மேர்தரிலே காண்கிறோம். வேலைநிறுத்தம் முடிந்து இரண்டாண்டு கழிந்த 1987இல், அந்நகரின் சிறிய உதைபந்தாட்டக் கழகம் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியொன்றில் இத்தாலியின் அத்தலாந்தாவைத் தன் சொந்த மைதானத்தில் 2-1 என வென்றது. இத்தாலியில் நடந்த மறு ஆட்டத்தில் தோற்று வெளியேறியபோதும் அந்த ஒரு மாலைப்பொழுதை ஊர் மறக்கவில்லை. 2010இல் கழகம் கடனில் மூழ்கியபோது ஆதரவாளர்களே அதனைத் தம் உடைமையாக்கி, அடிநிலையிலிருந்து மீண்டும் தொடங்கினர்.

பொன்ரிபிரித் தடாகமும் 1991இல் மூடப்பட்டுப் பாழடைந்து, 2015இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெள்ளம் அதைச் சேற்றால் நிரப்பியது. மீண்டும் துப்புரவாக்கித் திறந்தார்கள்.

வேலை நின்ற ஊரில் விளையாட்டு மட்டும் வாழ்வு தந்துவிடாது. ஆனால் தாமே பென்னி போட்டு வளர்த்த விளையாட்டை மக்கள் எளிதிற் கைவிடுவதுமில்லை. ஒவ்வோர் ஆண்டின் இறுதி இரவிலும், கூற்றோவின் நினைவாக 1958இல் தொடங்கிய ஓட்டப்போட்டி, இடையிலே தடைப்பட்டும் மீண்டெழுந்து, மவுண்டன் ஆஷ் வீதிகளிலே நடைபெறுகிறது. நிலக்கரி வருமுன் ஓடியவனின் பெயரால், நிலக்கரி போனபின் அவ்வூர் ஓடிக்கொண்டிருக்கிறது.