வைசூரியும் படை வைத்தியரும்

நீர்வேலியிலும் அதன் அயற்கிராமங்களிலும் கொப்பளிப்பானையும் சின்னமுத்தையும் ‘அம்மாள் வருத்தம்’ என்றே முதியோர் வழங்குவர். அப்பெயரோடு ஒட்டிய அச்சம் இச்சிறு நோய்களால் மட்டும் விளைந்ததன்று. அவற்றினும் கொடிய வைசூரி விட்டுச்சென்றது. அந்நோயை எதிர்த்து ஈழத்தில் அம்மைப்பால் குத்துதலைத் தொடக்கி நடத்தியவர் ஆங்கிலப் படை வைத்தியர் ஒருவர். அவர் பெயர் தோமஸ் கிறிஸ்ரி.

ஸ்கொத்லாந்தில் 1773இல் பிறந்த கிறிஸ்ரி, 80ஆம் காலாட்படையின் சத்திரவைத்தியராகத் திருகோணமலைக்கு வந்தது 1797இல். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறி அப்பொழுது இரண்டாண்டுகளே கடந்திருந்தன. 1800இல் படை வைத்தியசாலைகளின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வைசூரி வைத்தியசாலைகளும் அவர் பொறுப்பாயின.

அவ்வைத்தியசாலைகளில் முதலிற் கையாளப்பட்டது பழைய முறை. வைசூரிச் சீழையே உடலிற் செலுத்தி, இலேசான நோயை வருவித்து, பின் வரக்கூடிய கடுநோயைத் தடுப்பது அது. ஆயின் அவ்வாறு நோயேற்றவர் பிறர்க்கும் அதனைப் பரப்பக் கூடியவர். மக்கள் அஞ்சியது அறியாமையால் என்று கூறிவிடுதல் எளிது. அவ்வச்சத்திற்கு நியாயமும் இருந்தது. யென்னர் 1798இல் வெளியிட்ட பசுவம்மை முறையில் இக்கேடில்லை.

பசுவம்மைப் பாலை இத்தீவுக்குக் கொணர்வதே பெரும்பாடாயிற்று. வெப்பத்தில் அது வீரியம் இழந்துவிடும். ஆதலால் ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து ஏறத்தாழ எட்டாம் நாள் பாலெடுத்து மற்றொருவர் கையிற் குத்த வேண்டும். இத்தொடர் ஓரிடத்தில் அறுந்தால் யாவும் வீண். பக்தாத்து, பஸ்ரா வழியாக 1802இல் பம்பாயை அடைந்த பாலை அங்கு முதலில் ஏற்றது ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தை. அவ்வாண்டே அது ஈழத்தையும் எட்டியது. வைத்தியர் கையிலிருந்தது ஊசி மட்டுமே. மருந்தைக் காத்து நின்றவை குழந்தைகளின் கைகள். கிறிஸ்ரியின் புகழைப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

மறு ஆண்டில் மூண்ட கண்டிப் போரிலும் அவர் பணிபுரிந்தார். தேசாதிபதி நோர்த்தின் படையைக் கண்டியர் வாளினும் மிகுதியாகக் காய்ச்சலே அழித்தது. அம்மைப்பாற் பணி அரசின் கருணையே என்போர் இப்போரையும் உடன்வைத்து எண்ணுதல் நன்று. நோயற்ற துறைமுகமும் நோயற்ற படைமுகாமும் புதிய ஆட்சிக்கு இன்றியமையாதன. எனினும் அத்தேவைக்காக வந்த மருந்து ஊராரின் உயிரையும் காத்தது.

1810இல் நாடு திரும்பிய கிறிஸ்ரி, செல்ற்றன்காமில் வைத்தியராயிருந்து, ஈழத்தில் வைசூரி விளைத்த அழிவு பற்றியும் அம்மைப்பாலின் வெற்றி பற்றியும் 1811இல் ஒரு நூல் வெளியிட்டார். யென்னரின் முறையை எதிர்ப்போர் இங்கிலாந்தில் அப்பொழுதும் இருந்தனர். அவ்விவாதத்தில் நம் நாட்டார் கைகளே சான்றாக நின்றன. 1829இல் கிறிஸ்ரி மறைந்தார். வைசூரியோ அந்நூற்றாண்டில் இத்தீவுக்கு மீண்டும் மீண்டும் வந்தது.

அது உலகிலிருந்து ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அம்மைப்பால் குத்திய தழும்பை நம் முதியோர் கைகளில் இன்றும் காணலாம். அவர்தம் பேரப்பிள்ளைகளின் கைகளில் அது இல்லை.