உறவுமுறை அறிவும் மரபியல் ஆலோசனையும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற ஊர். ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கும் இக்கல்வெட்டுகள், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குவதோடு நில்லாமல், அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களையும், அத்தை, மாமன் மக்களையும், தாயுடனும் தந்தையுடனும் பிறந்தவர்களையும், மாமனார், மருமகன் முதலானோரையும் உறவுமுறை சொல்லி விலக்குகின்றன. தாய்வழி, தந்தைவழி, மணவழி என மூன்று வழிகளிலும் உறவைப் பிரித்தறியும் இந்த நுட்பம் அன்று ஆட்சிக்குப் பயன்பட்டது. சொத்துக்கும் திருமணத்துக்கும் அதுவே அடிப்படையாக இருந்துவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மருத்துவத்துக்கும் தேவைப்பட்டபோதுதான் மரபியல் ஆலோசனை என்னும் புதிய தொழில் தமிழகத்தில் காலூன்றியது.

மரபியல் ஆலோசனை என்பது, பரம்பரையாக வரக்கூடிய நோயோ பிறவிக் குறைபாடோ ஒரு குடும்பத்தில் இருக்கும்போது, அது எவ்வாறு வந்தது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு, என்னென்ன பரிசோதனைகள் உண்டு என்பவற்றை விளக்கி, முடிவைக் குடும்பத்தாரிடமே விடும் பணியாகும். இத்தொழிற்பெயரை 1947இல் முன்வைத்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் ரீட். யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தீர்ப்புச் சொன்ன இனமேம்பாட்டுக் கொள்கை, ஜெர்மனியில் நாஜிகளின் கையில் கொடுமையாக முடிந்திருந்த நிலையில், அறிவுரைக்கும் கட்டளைக்கும் இடையே கோடு கிழிப்பது அவர் நோக்கமாக இருந்தது. இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1969இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது.

தமிழகத்தில் மரபியல் ஆலோசனையின் தேவை வேறு வழியாக எழுந்தது. அக்காள் மகளையும், அத்தை மகளையும், மாமன் மகளையும் மணப்பது இங்கு பல சமூகங்களில் நெடுங்கால வழக்கம். முறைப்பெண்ணை விட்டு அசலில் பெண் எடுத்தால் தாய்மாமன் குடும்பம் மனம் நோகும் என்ற அளவுக்கு அது உரிமையாகவும் கருதப்பட்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமன், சகோதரி மகள் உறவைத் தடைசெய்யப்பட்ட உறவுகளில் சேர்த்தபோதும், வழக்கம் அனுமதிக்குமானால் அத்திருமணம் செல்லும் என்று விதிவிலக்கு அளித்ததால், தென்னாட்டு வழக்கம் சட்டத்தின் கீழும் தொடர்ந்தது.

இவ்வழக்கத்தை எண்ணிக்கையால் அளக்கும் முயற்சிகளுள் முதன்மையானவை, உத்திரமேரூர் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தை அடுத்திருந்த வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் ஆகியோர் நடத்திய ஆய்வுகளாகும். 1972இல் வெளியான அவர்களது கட்டுரை, கிராமப்புறத் திருமணங்களில் ஏறத்தாழ பாதி நெருங்கிய உறவுக்குள் நடந்தவை என்றும், நகர்ப்புறத்தில் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் காட்டியது. ஆனால் 1977இல் வெளியான அடுத்த ஆய்வில், குழந்தை இறப்பிலும் பிறவிக் குறைபாட்டிலும் எதிர்பார்த்த அளவு வேறுபாடு தென்படவில்லை. பல தலைமுறைகளாக உறவுக்குள் மணந்துவந்ததால் தீங்கான மரபணுக்கள் படிப்படியாகக் கழிந்திருக்கலாம் என்ற கருத்தை எல்.டி. சங்வி 1966இலேயே முன்வைத்திருந்தார். எனினும் தனித்தனி நோய்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தபோது படம் மாறியது. குறிப்பாகப் பிறவிச் செவிட்டுத்தன்மையில் உறவுமணத்தின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. ஜிஜேபி2 என்னும் மரபணுவில் ஏற்படும் டபிள்யூ24எக்ஸ் என்ற ஒரே மாற்றம் இந்தியர்களிடையே பரவலாக இருப்பதும் கண்டறியப்பட்டது.

இத்தகைய நோய்களில் பெரும்பாலானவை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுபவை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயின்றி அதைச் சுமந்து திரிவார். பொது முன்னோர் இருந்தால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை, மாமன் மக்கள் எட்டில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். பெரியப்பா மகள் தங்கை முறை ஆவதால் அவளை மணப்பது நினைக்கவும் கூடாதது. மாமன் மகளோ கட்டிக்கொள்ளும் முறை. ஆனால் மரபணுக் கணக்கில் இவ்விருவரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். முறையாகக் கருதப்படும் அக்காள் மகள் இருவரையும்விட நெருங்கியவள். உறவுமுறையின் தர்க்கமும் மரபியலின் தர்க்கமும் பிரிவது இங்கேதான்.

ஆகவே ஆலோசகரின் முதல் வேலை குடும்ப மரத்தை வரைவது: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு நிரப்பிய வடிவம், உறவுமணத்துக்கு இரட்டைக் கோடு. "சொந்தத்திலா கட்டினீர்கள்?" என்று ஒரே கேள்வியில் நிறுத்தினால், தம்பதியர் இல்லை என்று சொல்லிவிடக்கூடும், இருவருடைய பாட்டிமாரும் அக்காள், தங்கை என்பது ஆயாவைக் கேட்டால்தான் தெரியவரும். இதைவிடக் கடினமானது வாய்ப்பை விளக்குவது. நான்கில் ஒன்று என்றவுடன், ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள்; ஒவ்வொரு கருவுக்கும் அதே நான்கில் ஒன்று புதிதாகப் பொருந்தும் என்பதை உணர்த்தப் பொறுமை வேண்டும். பழி தாயின் மேல் விழும் குடும்பங்களில், மரபணு இரு வழியிலும் வந்தது என்ற ஒரு வாக்கியமே மருந்தளவு மதிப்புடையது.

கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபியல் ஆலோசனை மையங்களும் பதிவுபெற வேண்டும் என விதித்ததன் மூலம் இத்தொழிலுக்குச் சட்டத்தில் ஓர் இடம் தந்தது. ஆனால் அந்த இடம் கட்டுப்பாட்டுக்கானது. தாலுகா மருத்துவமனைகளில் ஆலோசகரை அமர்த்துவதற்கானதன்று. சென்னையிலும் வேலூரிலும் உள்ள பெரிய மருத்துவமனைகளிலேயே இச்சேவை பெரிதும் குவிந்திருப்பதால், உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களில் கிராமச் சுகாதாரச் செவிலியரும் குழந்தை மருத்துவரும் சொல்லும் ஓரிரு வார்த்தைகளே பல குடும்பங்களுக்கு ஆலோசனையாக அமைகின்றன. அந்த வார்த்தைகளும் பெரும்பாலும் "சொந்தத்தில் கட்டாதீர்கள்" என்ற தடையாகவே முடிகின்றன. ஏற்கெனவே கட்டிக்கொண்டு, அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டு நிற்கும் தம்பதியருக்கு அத்தடையால் பயனில்லை.

இதற்கிடையே அடித்தளமும் மாறிவருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்விலும் தமிழகத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை உறவுக்குள் நடந்தவையே. ஆனால் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகளுக்கும் குறைவு என்னும் அளவுக்குப் பிறப்பு விகிதம் இறங்கியிருப்பதால், முறை மாப்பிள்ளையும் முறைப்பெண்ணும் வயது பொருந்திக் கிடைப்பது அரிதாகும். அதனால் வழக்கம் குறையும். கூடவே, யார் யாருக்கு என்ன முறை என்று மூன்று, நான்கு தலைமுறைக்கு ஒப்பிக்கும் மூத்தோரின் அறிவும் தேயும். பழைய உறவுமணங்களில் வந்த மரபணுக்கள் அப்போதும் குடும்பங்களில் இருக்கும். அவை எவ்வழியில் வந்தன என்று சொல்ல ஆளிருக்காது. உறவுமுறை தெரிந்தவர்கள் இருக்கும்போதே குடும்ப மரங்களை வரையக் கற்றவர்களைத் தாலுகா மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்ப்பது, உறவுமணத்தைத் தடுக்கும் பிரசாரத்தைவிட அவசரமான பணி.