கிருஷ்ணன்–திரௌபதி நட்பு

கிருஷ்ணன்–திரௌபதி நட்பு என்பது மகாபாரதத்தில் துவாரகைக் கிருஷ்ணனுக்கும் பாஞ்சால இளவரசி திரௌபதிக்கும் இடையே வளரும், காதலும் மணவுறவும் கலவாத தோழமை. வடமொழிப் பாடத்தில் திரௌபதி தன்னை அவனுடைய ‘சகி’ என்றே சொல்லிக்கொள்கிறாள். நாட்டார் மரபில் இதே உறவு அண்ணன்–தங்கை உறவாகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பது, ஆண்–பெண் நட்பை நம் கதைமரபு எவ்வாறு கையாண்டது என்பதற்கு ஒரு நல்ல சான்று.

இருவரும் கருநிறத்தவர். அவன் கிருஷ்ணன், அவள் கிருஷ்ணை. கிருஷ்ணனின் தந்தை வசுதேவரும் குந்தியும் உடன்பிறந்தவர்கள். ஆகவே பாண்டவர்கள் அவனுக்கு அத்தை மக்கள். திரௌபதி அத்தை மக்களின் மனைவி. சுயம்வர மண்டபத்தில் அவன் பார்வையாளனாகவே அமர்ந்திருந்தான். அந்தண வேடத்தில் வந்த பாண்டவர்களை அடையாளம் கண்டு, பின்னர் குயவன் வீட்டில் அவர்களைச் சந்தித்தான். கோபியர் கதைகளில் காதலனாகவே அறியப்படும் ஒருவன், பாரதத்தின் பேரழகியிடம் கடைசிவரை நண்பனாக மட்டுமே நின்றான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நட்புக்கு முதல் சோதனை கிருஷ்ணன் பக்கத்திலிருந்தே வந்தது. தன் தங்கை சுபத்திரையைக் கவர்ந்து செல்லும்படி அருச்சுனனுக்கு வழி சொன்னவன் அவன்தான். தோழியின் வீட்டுக்குத் தன் தங்கையையே சக்களத்தியாக அனுப்பிய கணக்கு இது. திரௌபதியின் கோபம் அருச்சுனன் மேல்தான் பாய்ந்தது. சுபத்திரை இடைப்பெண் கோலத்தில் வந்து வணங்கியபின் அது தணிந்தது. பிற்பாடு, பாண்டவர் காட்டிலிருந்த காலத்தில் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் துவாரகையில் சுபத்திரையின் அரவணைப்பில்தான் வளர்ந்தார்கள். காட்டுக்கு வந்த கிருஷ்ணன் அவர்கள் வில்வித்தையில் தேறி வருவதைத் தாயிடம் எடுத்துச் சொல்கிறான்.

காமியக வனத்து முறையீடு

இந்த நட்பின் இயல்பை முழுமையாகக் காட்டுவது துகிலுரிதல் காட்சியன்று, அதற்குப் பின் வரும் வன பருவத்துப் பகுதி. சூதில் எல்லாம் இழந்து காட்டுக்கு வந்த பாண்டவர்களைக் காணக் கிருஷ்ணன் வருகிறான். திரௌபதி அவனை முதலில் பரம்பொருளாகப் போற்றுகிறாள். அடுத்த மூச்சில் குற்றம் சாட்டுகிறாள். பாண்டவர் மனைவி, திருட்டத்துய்மனின் உடன்பிறப்பு, உன் தோழி ஆகிய என்னை எப்படிச் சபைக்கு இழுத்துவர முடிந்தது என்று கேட்கிறாள். கணவர், மக்கள், தந்தை, உடன்பிறந்தார் என யாருமே தனக்கு இல்லை என்று அடுக்கிக்கொண்டே வந்து, அந்த வரிசையின் முடிவில் கிருஷ்ணனையும் சேர்த்துவிடுகிறாள். வழக்கிலுள்ள பாடங்களில், தன்னைக் காக்க அவன் கடமைப்பட்டதற்கு நான்கு காரணங்களும் சொல்கிறாள்: உறவு, மதிப்பு, நட்பு, அவனுடைய ஆற்றல். உறவு ஒன்று, நட்பு வேறொன்று எனத் தனித்தனியே எண்ணப்படுவது முக்கியம். உறவுமுறைக்குள் அடங்கிவிடும் ஒன்றாக அவள் நட்பைக் கருதவில்லை.

கிருஷ்ணன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை, காரணம் சொல்கிறான். சால்வனோடு போர் நடந்ததால் தான் அருகில் இல்லை என்றும், இருந்திருந்தால் அழைக்காமலே வந்து சூதைத் தடுத்திருப்பேன் என்றும் விளக்குகிறான். அவளை அழவைத்தவர்களின் மனைவியர் அழுவார்கள் என்று வாக்கும் கொடுக்கிறான். பக்தை தெய்வத்திடம் வேண்டுவாள். கணக்குக் கேட்க மாட்டாள். இங்கே கணக்குக் கேட்கப்படுகிறது, பதிலும் வருகிறது.

துகில், கடன், பாடபேதம்

புனே பண்டார்க்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த ஆய்வுப் பதிப்பில், சபையில் திரௌபதி கிருஷ்ணனை வேண்டும் பகுதி மூலத்தில் இடம்பெறவில்லை. துணி வளர்கிறது, வளர்த்தவர் யார் என்று அந்தப் பாடம் சொல்வதில்லை. துர்வாசர் வந்தபோது பாத்திரத்தில் ஒட்டியிருந்த கீரையைக் கிருஷ்ணன் உண்ட கதையும் அதில் மூலத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. பக்தி மரபு மிகவும் போற்றிய இரண்டு காட்சிகளும் போய்விட்டால் நட்புக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். மிச்சமிருப்பதுதான் கனமானது.

உத்தியோக பருவத்தில் சஞ்சயன் தூதனாக அந்தப்புரத்துக்குள் செல்கிறான். அபிமன்யுவும் நகுல சகதேவரும்கூட நுழையாத அறை அது. கிருஷ்ணனின் பாதங்கள் அருச்சுனன் மடியில், அருச்சுனனின் பாதங்கள் திரௌபதி, சத்தியபாமை ஆகியோரின் மடிகளில். நண்பனின் மனைவியும் தன் மனைவியும் உடனிருக்க, ஒளிவுமறைவு இல்லாத நெருக்கம். அந்த அறையில்தான் கிருஷ்ணன் சொல்கிறான்: தான் தொலைவில் இருந்தபோது அவள் ‘கோவிந்தா’ என்று கதறியது வளர்ந்துகொண்டே போகும் கடனாகத் தன் நெஞ்சில் கிடக்கிறதென்று. இந்தப் பகுதி ஆய்வுப் பதிப்பிலும் உண்டு. சமாதானத் தூதுக்கு அவன் புறப்படும்போது, விரிந்த கூந்தலை இடக்கையில் பிடித்தபடி அவன் முன் வந்து, சமாதானம் பேசுகையில் இதை மறக்காதே என்று அவள் சொல்வதும் அந்தக் கடனை நினைவூட்டத்தான்.

மக்கள் வழக்கிலுள்ள கதை இந்தக் கடனை வேறு விதமாகக் கணக்கிடுகிறது. சிசுபாலனைக் கொன்றபோது கிருஷ்ணனின் விரலில் காயம்பட்டதாம். திரௌபதி தன் சேலையைக் கிழித்துக் கட்டினாளாம். அந்தத் துணிக்கு ஈடாகத்தான் சபையில் துகில் பெருகியதாம். வடநாட்டில் ரட்சாபந்தன் பண்டிகைக்குச் சொல்லப்படும் கதைகளில் இதுவும் ஒன்று. வியாச பாரதத்தில் இது கிடையாது. கதை அழகானது, ஆனால் நட்பைச் சற்றே சிறிதாக்கிவிடுகிறது. மூலத்தில் அவள் எதுவும் கொடுத்ததால் அவன் கடன்படவில்லை. அவள் கூப்பிட்டதே கடன்.

தமிழ் மரபில்

வில்லிபுத்தூரார் பாரதத்திலும், 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலும் துகிலுரிதலின்போது மேலோங்கி நிற்பது சரணாகதி. தோழமை அங்கே பின்னுக்குப் போகிறது. வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் நிலை வேறு. பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் தீமிதியுமாக நடக்கும் இந்த விழாக்களில் கிருஷ்ணன் திரௌபதிக்கு அண்ணன். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இலும் 1991இலும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார்.

அண்ணன் முறை வெறும் பக்திக் கற்பனை அன்று. தமிழ் உறவுக் கணக்கில் அத்தை மகன் மைத்துனன். மைத்துனன் மனைவி தங்கை முறை. அருச்சுனன் மாமன் மகள் சுபத்திரையைக் கட்டியதும் இதே கணக்கில் சரியாகப் பொருந்துகிறது. முறை தெரியாமல் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ள இடமில்லாத ஊரில், தோழியைத் தங்கை ஆக்குவது அந்த நட்பைக் காப்பாற்றும் வழியாகவும் இருந்தது. இழந்ததும் உண்டு. அண்ணன் காப்பது கடமை. நண்பனுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

நவீன இலக்கியத்தில்

பிரதிபா ராய் ஒடியாவில் எழுதிய ‘யாக்ஞசேனி’ (1984), இமயச் சரிவில் தனித்து விழுந்த திரௌபதி கிருஷ்ணனுக்கு எழுதும் நீண்ட மடலாக அமைந்தது. அவன் மீது முதலில் தோன்றிய ஈர்ப்பைத் தோழமையாக மாற்றிக்கொள்பவளாக அவளைக் காட்டியதால், நட்பைவிட ஈர்ப்பே சில இடங்களில் மேலெழுகிறது. சித்ரா பானர்ஜி திவாகருணியின் ஆங்கில நாவல் ‘தி பேலஸ் ஆஃப் இல்யூஷன்ஸ்’ (2008) காதல் ஏக்கத்தைக் கர்ணன் பக்கம் திருப்பிவிட்டு, கிருஷ்ணனைக் கேலி பேசும், புதிர் போடும் நண்பனாக விட்டுவைக்கிறது. நட்புச் சித்திரிப்பில் இதுவே மேலானது. 2013இல் தொடங்கிய ஸ்டார் பிளஸ் ‘மகாபாரதம்’ தொடர், தமிழில் விஜய் டிவியில் மொழிமாற்றமாக வந்து, ‘சகி’ என்ற விளிப்பை இளைய தலைமுறைக்கும் பழக்கியது.

மூலத்தின் போக்கைத் தமிழிலேயே அறிய விரும்புவோர், கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் வெளியிட்ட உரைநடை மகாபாரதத்தில் வன பருவத்தின் தொடக்க அத்தியாயங்களைச் சபா பருவத்துக்கு அடுத்து உடனே படிக்க வேண்டும்.