ஒட்டின காலும் எம்.சி.ஆர். செருப்பும்

மூட்டு கெட்டுப் போனா அதை எப்படியாவது பழையபடி ஆட வைக்கணும்னுதான் யாருக்கும் தோணும். ஆனா "இந்த மூட்டே வேணாம்"னு முடிவு பண்ணி, குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு எலும்பையும் ஒண்ணா வளர விட்டுடற ஆபரேஷன் ஒண்ணு உண்டு. ஆர்த்ரோடெசிஸ்னு பேரு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வியன்னாவில் எடுவர்ட் ஆல்பர்ட் என்ற சர்ஜன், போலியோவில் தொளதொளத்துப் போன கணுக்கால்களுக்கு இதைச் செய்தார். 1923-ல் அமெரிக்காவின் எட்வின் ரையர்சன், கணுக்காலுக்குக் கீழே இருக்கும் மூன்று மூட்டுகளைச் சேர்த்து ஒட்டும் முறையைப் பற்றி எழுதினார்.

எனக்கு ஒட்டினது ஒரே ஒரு மூட்டு. பைக் விபத்துல நொறுங்கின குதிகால். ஆறு வாரம் காலைத் தரையில ஊணவே கூடாதுன்னுட்டாங்க. நெய்வேலி டவுன்ஷிப் வீட்டுல, காலுக்குக் கீழ மூணு தலகாணி, மடியில லேப்டாப். குளிக்கறதுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பொழுது போகாம, இந்த வைத்தியத்துக்கு நம்ம பக்கத்துக் கதை ஏதாவது இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் வேலூர்ல போய் நின்னுச்சு மக்களே.

பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்தார். தொழுநோய் வந்தா சதை தானா அழுகி உதிரும்னு எல்லாரும் நம்பின காலம் அது. அவர் கவனிச்சுச் சொன்னது வேற. நரம்பு செத்ததால வலி தெரியல. வலி தெரியாததால சூடு, முள், ஆணி எதுவும் தெரியல. காயத்தோடயே நடந்து நடந்து காலைத் தேய்ச்சுடறாங்க. தொங்கிப் போன பாதத்துக்குத் தசைநாரை இடம் மாத்தித் தைச்சாங்க. எலும்பு சிதைஞ்சு கோணிப் போன பாதத்தை ஒட்ட வெச்சாங்க.

இங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் ஒரு நாள் கொஞ்சம் அதிகமா நடந்துட்டா, சாயங்காலம் பாதம் விண்ணு விண்ணுனு தெறிச்சு "போதும்டா"ன்னு சொல்லிடும். அவங்களுக்கு யார் சொல்றது?

முதல் பதில் மாவுக்கட்டு. பாதத்துல புண் வந்தவங்களுக்குக் கட்டுப் போட்டே நடக்க விடற முறையை 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் கையாண்டிருந்தாங்க. ரெண்டாவது பதில் செருப்பு. ஒட்டின பாதம் வளைஞ்சு கொடுக்காது. உடம்பு எடை சில இடங்கள்லயே போய் அழுத்தும். அங்க மறுபடி புண். அழுத்தத்தைப் பரப்பி விட மெத்துன்னு ஒரு ரப்பர் வேணும். அந்த ரப்பரைக் கலக்கறது எப்படின்னு கத்துக்க பிராண்ட் கல்கத்தாவுக்கே போனார். மைக்ரோசெல்லுலார் ரப்பர், சுருக்கமா எம்.சி.ஆர். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், இதே பாடத்தை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். காரணம் ஒண்ணுதான்: அங்கேயும் நரம்பு மரத்துப் போயிடுது.

இப்ப எங்க வீட்டுக் கதை. அப்பா சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இருபது வருஷமா சர்க்கரை. டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு ஷெல்ஃபுல தூங்குது. "அது பெரியநோய்க்காரங்க போடறதுடா. பார்க்கறவன் என்ன நினைப்பான்? எனக்குத்தான் கால் வலிக்கவே இல்லையே"ம்பார்.

வலிக்கலைங்கறதுதானே பிரச்சினையே!

எனக்கு இப்ப அஞ்சாவது மாசம். டவுன்ஷிப் தார் ரோட்டுல ராஜா மாதிரி நடக்கறேன். ரோட்டை விட்டு மேடு பள்ளமான மண்ணுல இறங்கினாத்தான் தடுமாற்றம், பாதம் பக்கவாட்டுல சாயாதுல்ல. அதுக்கு நானும் மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கினேன். அப்பாவோட அதே எம்.சி.ஆர். ரெண்டு பேரும் போட்டா கேக்கறவனுக்கு "பையனுக்கு ஆபரேஷன், அதான்"னு சொல்லிக்கலாம்னு அவருக்கு ஒரு சமாதானம் :-)

இன்னும் வாசல் தாண்டல. வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கறார். ராத்திரி டார்ச் அடிச்சு அவர் உள்ளங்காலைப் பார்க்கறது என் டூட்டி. வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா நீங்களும் பாருங்க.