சீன மாணவர்களும் ஆங்கிலத் தேர்வும்

சீனாவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு 'காவ்காவ்' என்று பெயர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். அதில் 150 அந்நிய மொழிக்கு. அநேகமாக எல்லோரும் எடுப்பது ஆங்கிலம்தான்.

ஆனால் கலாசாரப் புரட்சிக் காலத்தில் கதையே வேறு. 1973-ல் ஹெனான் மாகாணத்தில் 15 வயது மாணவி ஒருத்தி, சீனப் பெண்ணான தனக்கு அந்நிய மொழி எதற்கு என்று ஆங்கிலத் தேர்வுத் தாளிலேயே எழுதிவிட்டாள். பள்ளியில் கண்டித்தார்கள். அவள் நீரில் மூழ்கி உயிரை விட்டாள். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் சிறைக்குப் போனார்கள்.

1966-ல் நின்றுபோன காவ்காவ் 1977 டிசம்பரில் திரும்ப வந்தது. ஆங்கில மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 1983 முதல் முழுதாகக் கணக்கில் எடுத்தார்கள். முதலில் இலக்கணமும் வாசிப்பும்தான். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பகுதி பிறகு வந்தது: 20 கேள்விகள், 30 மதிப்பெண். சிறு உரையாடல்கள் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். புரியாத பத்தியை மறுபடி படிக்கலாம்; காதில் விழாததை என்ன செய்வது? ஆங்கிலத்தைக் கேட்கவே வாய்ப்பில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை அல்லவா?

அன்று ஆங்கிலம் சந்தேகத்துக்குரிய மொழி. பிறகு அதுவே கல்லூரி வாசல். மாற்றி மாற்றி முடிவெடுத்தது பெரியவர்கள். அதன் விலையைக் கொடுத்தது என்னவோ பள்ளிப் பிள்ளைகள்தான்!